கர்ணனுக்கு மோட்சம்! லாபம் யாருக்கு?

செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவண்ணாமலை பக்கங்களில் ஒருவர் இறந்துபோனால், பதினாறாம் நாள் காரியத்தை ஒட்டி இராத்திரி முழுவதும் 'கர்ணன் மோட்சம்' என்னும் தெருக்கூத்து விடுவது வெகு காலமாக நடந்து வருகின்ற வழக்கம் என்பதை நமது வாசகர்கள் அறிவார்கள். சாப்பாடு முடிந்து ஊர் அடங்கும்போது மத்தளம் முழங்கும்; கிழக்கு வெளுக்கும்போது கர்ணன் சாவான். குந்தி ஓடி வந்து அவனை மடியில் போட்டுக்கொண்டு "மகனே" என்று கதறுவாள். கண்ணன் மோட்சம் கொடுப்பார். கூத்துப் பார்க்க வந்த பெண்டுகள் கர்ணனுக்காகப் பாதியும், தங்கள் வீட்டில் போனவருக்காகப் பாதியும் அழுது தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

சமீபத்தில் முட்டுக்காட்டுக்கு அடுத்த ஒரு குடியிருப்பில் இப்படி ஒரு கூத்து நடந்தது. விடிந்த பின், படகுத்துறைக்குப் போகும் வழியிலுள்ள டீக்கடையில் அந்த முடிவு சரியா தப்பா என்பதைப் பற்றி ஒரு வாதம் கிளம்பிவிட்டது. ஒரு பெரியவர், "என்னா இருந்தா என்னாடா, கடைசியில தாய் மடி கெடைச்சுது, பெருமாள் பாதம் கெடைச்சுது, இன்னும் என்னா வேணும்?" என்றார். வலை வேலை செய்யும் ஒரு வாலிபர், "செத்த பிறகு மடி கெடைச்சு என்னா பண்றது பெரியப்பா? உயிரோட இருக்கச் சொல்ல ஒரு வாய் கஞ்சி ஊத்தினாளா?" என்று திருப்பிக் கேட்டார். காலேஜில் படிக்கும் மற்றொரு பிள்ளை இவர்கள் நடுவில் புகுந்து, ஜப்பான்காரர்கள் எடுத்த ஒரு சித்திரப்படத் தொடரிலும் இதே மாதிரி இனிப்பும் கசப்பும் கலந்த முடிவுதான் இருக்கின்றதென்றும், அதைப் பற்றியும் உலகமெங்கும் வாலிபர்கள் ஓயாமல் வாதாடிக்கொண்டிருக்கின்றார்கள் என்றும் சொன்னார். நமது அபிப்பிராயத்தையும் கேட்டார்கள். டீக்கடையில் நின்றுகொண்டு சொல்ல முடிந்தது கொஞ்சம்தான் ஆதலால், சற்று விரிவாகவே இங்கு எழுதுகின்றோம்.

முதலாவதாக, இந்த முடிவில் இனிப்பு என்று சொல்லப்படுவது எது? கர்ணன் குந்தி பெற்ற பிள்ளை என்பது ஊரறிய வெளிப்பட்டது என்பதுதானே? அப்படியானால் நாம் ஒன்று கேட்கின்றோம். கர்ணனைப் பெட்டியோடு ஆற்றிலிருந்து எடுத்து, பாலூட்டி, நடை பழக்கி, பேர் வைத்து வளர்த்தவள் யார்? தேரோட்டி அதிரதன் பெண்சாதி ராதை. அந்த ராதை இந்தக் கடைசிக் காட்சியில் எங்கே? விடிய விடிய நடக்கின்ற கூத்தில் அவள் மடிக்குக் கொஞ்சமாவது இடம் உண்டா? பெற்று விட்டுப் போனவள் வந்து அழுதால்தான் செத்தவனுக்குக் கௌரவம், வளர்த்தவள் அழுதால் அது கணக்கில் இல்லை என்பது என்ன நியாயம்?

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தக் கேள்விக்குக் கர்ணனே உயிரோடிருந்தபோது பதில் சொல்லிவிட்டான். யுத்தத்திற்கு முன் கண்ணன் அவனைத் தனியாக அழைத்துப்போய், நீ குந்தியின் மூத்த பிள்ளை, எங்கள் பக்கம் வந்துவிடு, ராஜ்யமே உனக்கு என்று ஆசை காட்டுகின்றார். அதற்குக் கர்ணன், என்னை வளர்த்தவர்கள் அதிரதனும் ராதையும், அவர்களை நான் விடமாட்டேன் என்று சொல்லிவிடுகின்றான். இது வியாச பாரதத்தில், உத்தியோக பர்வத்தில் இருக்கின்ற சங்கதி. நாம் கட்டிச் சொல்வதல்ல. ஆகவே, தான் யார் மகன் என்பதை அந்த மனிதன் தன் புத்தியைக் கொண்டு, லாப நஷ்டம் தெரிந்தே, தீர்மானித்துவிட்டான். செத்த பிறகு அவன் தீர்மானத்தைத் தள்ளிவிட்டு, "இல்லை இல்லை, நீ ராஜவம்சந்தான்" என்று மடியில் தூக்கிப் போட்டுக்கொள்வதைத்தான் நாம் இனிப்பு என்று எண்ணி அழுகின்றோம். பிற்காலத்துக் கதைக்காரர்கள் குந்தியிடம் கர்ணனே இந்த மடியை வரமாகக் கேட்டுக்கொண்டான் என்றும் எழுதி வைத்தார்கள். கேட்டிருந்தால்தான் என்ன? உயிரோடிருக்கும்போது கிடைக்காது என்று தெரிந்தவன்தானே செத்த பிறகாவது கொடு என்று கேட்பான்?

பொன்னுருவி சங்கதி இதைவிட மோசம். நமது பக்கத்துக் கூத்திலே அவள்தான் கர்ணனுடைய பெண்சாதி. பதினேழாம் நாள் யுத்தத்திற்குப் போகுமுன் விடைபெற வந்த புருஷனை, தேரோட்டி மகன், ஈனசாதி, கிட்டே வராதே என்று இழிவாகப் பேசுகின்றாள். அவன் தன் பிறப்பின் கதையைச் சொல்லுகின்றான். உடனே மனம் உருகி, காலில் விழுந்து, போகாதே என்று அழுகின்றாள். இந்தக் காட்சியைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொள்ளாதவர்கள் நமது ஜில்லாவில் கிடையாது. ஆனால் அவள் மனம் எதைக் கேட்டு மாறியது? தேரோட்டி மகனும் மனிதன்தான் என்று தெரிந்தா? அல்லவே! இவன் தேரோட்டி மகன் அல்ல என்று தெரிந்தல்லவா மாறினாள்! அப்படியானால் நிஜமாகவே தேரோட்டிக்குப் பிறந்து, நிஜமாகவே தாழ்ந்தவன் என்று சொல்லப்பட்ட ஒருவன் அந்த இடத்தில் நின்றிருந்தால், அவனுக்கு அந்த அழுகையும் இல்லை, அந்த மடியும் இல்லை. கூத்துப் பார்க்க உட்கார்ந்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த நிஜமான தேரோட்டி மக்கள் என்பதை அவர்களே யோசித்துப் பார்க்கட்டும்.

இதனால் நாம் குந்தியைத் திட்டுகின்றோம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கலியாணமாகாத பெண் ஒரு பிள்ளையைப் பெற்றாள். ஊரார் வாய்க்குப் பயந்து பெட்டியில் வைத்து ஆற்றில் விட்டாள். பெட்டியைத் தள்ளியது அவள் கையாயிருக்கலாம். தள்ளச் சொன்னது ஊரார் வாய். சூரியனுக்கு ஒரு பழியும் இல்லை பாருங்கள்! அவன் தினந்தோறும் வழக்கம்போல் உதித்துக்கொண்டுதான் இருந்தான், நமஸ்காரமும் வாங்கிக்கொண்டுதான் இருந்தான். யுத்தம் முடிந்து குந்தி உண்மையைச் சொன்னபோது தருமபுத்திரர் என்ன செய்தார்? இனிப் பெண்கள் எந்த இரகசியத்தையும் வயிற்றில் வைத்திருக்க முடியாமற்போகட்டும் என்று பெண்குலத்துக்கே சாபம் கொடுத்தார். சூரியனுக்குச் சாபம் இல்லை. துவாபர யுகத்துக் கதைதானே என்று தள்ளிவிடவும் முடியாது. 1992-ல் சேலத்தில், வேண்டாத பெண்குழந்தையைக் கொல்லாதீர்கள், இங்கே போட்டுவிட்டுப் போங்கள் என்று சர்க்காரே தொட்டில் வைக்க வேண்டியிருந்தது. ஆற்றுக்குப் பதில் தொட்டில். அவ்வளவுதான் யுகத்துக்கு யுகம் வித்தியாசம்.

இது நிற்க. மோட்சம் என்ற விஷயத்துக்கு வருவோம்.

கூத்தில் கண்ணன் கிழப்பார்ப்பான் வேஷத்தில் வந்து, குற்றுயிராய்க் கிடக்கும் கர்ணனிடம் அவன் செய்த தருமத்தின் புண்ணியம் முழுவதையும் யாசகம் கேட்கின்றார். அவனும் இரத்தத்தைத் தாரை வார்த்துக் கொடுத்துவிடுகின்றான். அன்றைக்கு முட்டுக்காட்டுக் கூத்தில் இந்த இடத்தில் கட்டியக்காரன் உள்ளே நுழைந்து, "சாமி, புண்ணியத்தை எதுலே அளந்து வாங்கிக்கினு போவீங்க, மரக்காலா, படியா? சாக்கு எடுத்தாந்தீங்களா?" என்று ஒரு போடு போட்டான். கூட்டம் சிரித்துச் சாய்ந்தது. நாம் பத்துப் பிரசங்கத்தில் சொல்லக் கூடியதை அந்தத் தோழர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார் என்பதைச் சொல்லாமலிருக்க முடியவில்லை.

போகட்டும், செத்த கர்ணன் எங்கேதான் போனான்? கூத்தின்படி நேரே மோட்சம். வியாசருடைய பதினெட்டாவது பர்வத்தின்படியோ, தருமபுத்திரர் சுவர்க்கத்துக்குப் போய்ப் பார்த்தால் அங்கே துரியோதனன் ஜம்மென்று ஆசனத்தில் வீற்றிருக்கின்றான். தம்பிமார் எங்கே, கர்ணன் எங்கே என்று கேட்டால், நாற்றமெடுத்த இருட்டு வழியில் அழைத்துப் போகின்றார்கள். அங்கே நரகத்திலிருந்து கர்ணன், பீமன், அர்ச்சுனன், திரௌபதி எல்லோருடைய குரலும் கேட்கின்றது. பிறகு இதெல்லாம் மாயை என்று இந்திரன் சமாதானம் சொல்லிவிடுகின்றான். மூன்றாவதாக ஒரு கதை புரட்டாசி மாதம் தோறும் நமக்குச் சொல்லப்படுகின்றது. அதன்படி, மேலுலகம் போன கர்ணனுக்குப் பசித்தபோது இலையில் சோற்றுக்குப் பதிலாகப் பொன்னும் மணியும் வைத்தார்களாம். நீ பொன்னைத்தான் தானம் செய்தாய், பிதுர்க்களுக்கு அன்னம் போடவில்லை என்றார்களாம். என் பிதுர்க்கள் யாரென்றே எனக்குத் தெரியாதே என்று அவன் சொல்ல, பதினைந்து நாள் தவணை கொடுத்து, பூலோகத்துக்குப் போய்ச் சோறு போட்டுவிட்டு வா என்று அனுப்பினார்களாம். அந்தப் பதினைந்து நாள்தான் மஹாளய பட்சமாம்.

ஒரே ஆசாமிக்கு மூன்று விலாசம்! இதில் எந்த விலாசத்துக்கு நாம் பிண்டம் அனுப்புவது? தவிரவும், இந்த மூன்றாவது கதையின் கொடுமையைக் கவனிக்க வேண்டும். பிள்ளைப் பிராயத்தில் ஆற்றில் விடப்பட்டதனால் தகப்பன் பாட்டன் பெயர் தெரியாமற்போனவனை, பாட்டனுக்குத் திதி கொடுக்கவில்லை என்று பட்டினி போடுகின்றார்கள். அவனுக்கு மற்றவர்கள் செய்த கெடுதலே அவன் செய்த குற்றமாக எழுதப்பட்டுவிட்டது. இப்படிப்பட்ட தீர்ப்பு நமது ஊர்ப் பஞ்சாயத்தில் சொல்லப்பட்டால் நாற்காலியைத் தூக்கி எறிந்துவிடுவார்கள்; மேலுலகத்துப் பஞ்சாயத்தானபடியால் கன்னத்தில் போட்டுக்கொண்டு, தட்சணையும் கொடுத்துவிட்டு வருகின்றோம்.

இனி அந்த ஜப்பான் கதை. 'ஏஞ்சல் பீட்ஸ்' என்பது அதன் பெயர். ஜூன் மாயேடா என்பவர் எழுதியது. 2010-ல் 13 பகுதிகளாக வெளிவந்தது. நன்றாய் வாழ முடியாமல் இளம் வயதிலேயே செத்துப்போன பிள்ளைகள் மேலுலகத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கூடியிருக்கின்றார்கள். அவர்களுக்குத் தலைவியான ஒரு பெண், எங்களுக்கு ஏன் இப்படிப்பட்ட வாழ்வைக் கொடுத்தாய் என்று கடவுள் மேல் யுத்தம் தொடுக்கின்றாள். இவ்வளவு தூரம் நமக்கு வெகு திருப்தி! பதின்மூன்று பகுதியிலும் அந்தக் கடவுள் தலையைக் காட்டவே இல்லை என்பதில் இன்னும் திருப்தி. மனக்குறை தீர்ந்தவர்கள் ஒவ்வொருவராக அங்கிருந்து மறைந்து போகின்றார்கள். கடைசியில் ஒட்டோனாஷி என்னும் பையனும் கனாடே என்னும் பெண்ணும் மிஞ்சுகின்றார்கள். இருவரும் இங்கேயே இருந்துவிடலாம் என்று பையன் கெஞ்சுகின்றான். அவளோ, உயிரோடிருந்தபோது எனக்குப் பொருத்தப்பட்ட இருதயம் உன்னுடையது, அதற்கு நன்றி சொல்லத்தான் காத்திருந்தேன் என்று சொல்லி, சொன்னவுடன் மறைந்து போகின்றாள். பையன் தனியாக நின்று கதறுகின்றான். அதன்பின் தெருவில் அவர்களைப் போன்ற இருவர் ஒருவரையொருவர் கடந்துபோவதாக ஒரு சிறு காட்சி. போதாதென்று, பையன் அந்த மேலுலகப் பள்ளிக்கூடத்திலேயே தங்கிவிட்டதாக வேறொரு முடிவையும் பிற்பாடு எடுத்து வெளியிட்டார்கள். எந்த முடிவு நிஜம் என்பதுதான் வாலிபர்களுடைய வாதம். அவன் இருதயத்தை வாங்கிப் பிழைத்தவள் அவனுக்கு முன்னாலேயே அங்கு எப்படிப் போய்ச் சேர்ந்தாள் என்பது இன்னொரு வாதம். கர்ணனுக்கு மூன்று விலாசமிருக்கும்போது இதற்கு ஜப்பான்காரர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை!

கதை என்ற முறையில் இது கர்ணன் கதைக்கு அண்ணன் தம்பிதான். உலகத்தில் அநியாயம் பட்டவர்களிடம், செத்த பிறகு சமாதானமாகி மறைந்து போங்கள் என்று சொல்லுகின்ற அளவில் நாம் இதையும் ஒப்புக்கொள்ள மாட்டோம். யுத்தம் தொடுத்த பிள்ளைகளைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டார்கள்; அவர்கள் கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கதையில் ஒரு சங்கதி மட்டும் பூலோகத்துச் சங்கதி. அந்தப் பையன் இரயில் விபத்தில் சுரங்கத்துக்குள் அகப்பட்டுக்கொண்டு, பிழைக்க மாட்டோம் என்று தெரிந்து, தன் உறுப்புகளைப் பிறருக்குக் கொடுக்கலாம் என்று சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் செத்தவன். கர்ணன் தாரை வார்த்த புண்ணியத்தை எவரும் பார்த்ததில்லை. அதை வாங்கிக்கொண்டு போனவரும் அதை வைத்து யாருக்கு என்ன செய்தார் என்று தெரியாது. இருதயமோ, வைத்தால் துடிக்கும்.

இது கதையில்தான் நடக்கும் என்று எண்ண வேண்டாம். முட்டுக்காட்டிலிருந்து கடற்கரைச் சாலையோடு மாமல்லபுரம் போய் மேற்கே திரும்பினால் திருக்கழுக்குன்றம். அங்கே மலைமேல் தினந்தோறும் இரண்டு கழுகுகள் வந்து குருக்கள் கையால் பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போனதும், அவை சாபம் பெற்ற ரிஷிகள் என்று சொல்லப்பட்டதும், பிறகு அவை வராமற்போய்ப் பல வருஷங்கள் ஆனதும் எல்லோருக்கும் தெரியும். அந்த ஊரின் பெருமைக்கு ரிஷிக்கழுகுகள் தேவையில்லை. 2008 செப்டம்பரில் அந்த ஊர் டாக்டர் தம்பதியின் மகன், ஹிதேந்திரன் என்னும் 15 வயதுப் பிள்ளை, மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்டு, மூளை செத்துவிட்டது என்று தெரிந்தவுடன், பெற்றோர்கள் அவன் உறுப்புகளைக் கொடுக்கச் சம்மதித்தார்கள். சென்னையில் போலீசார் வண்டிகளையெல்லாம் நிறுத்தி வழி விட, இருதயம் 11 நிமிஷத்தில் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேர் போய்ச் சேர்ந்து 9 வயதுச் சிறுமி ஒருத்திக்குப் பொருத்தப்பட்டது. பெற்ற வயிறு எரியும்போதே அந்தத் தாய் தகப்பன்மார் செய்த காரியம் அது. எந்தக் கிழவேஷமும் போட்டுக்கொண்டு எவரும் வந்து அவர்களை ஏமாற்றி வாங்கவில்லை. அதன் பின் இந்த மாகாணத்தில் உறுப்புக் கொடுப்போர் பெருகி, செப்டம்பர் 23-ந் தேதி உறுப்புதான தினமாகவே ஆகிவிட்டது. 2023-ல் அதே தேதியில், உறுப்புக் கொடுத்து இறந்தவர்களுடைய இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். பட்டாளத்தில் செத்தவனுக்கும் மந்திரிக்கும் இருந்த மரியாதை, இப்போது ஒரு கூலிக்காரன் பிணத்துக்கும் உண்டு.

அன்று டீக்கடையில் ஒரு அம்மாள் நம்மிடம், "என் வூட்டுக்காரரு போயிட்டாரு. அந்தக் கூத்தப் பாத்து அழுதாத்தான்யா எனக்கு நெஞ்சு ஆறுது. அதையும் கூடாதுன்றீங்களா?" என்று கேட்டார். கூடாது என்று நாம் ஒருபோதும் சொல்ல மாட்டோம். செத்தவருக்காக அழுவது மூடநம்பிக்கையல்ல, அது மனிதத்தன்மை. பத்துப் பேர் கூடி உட்கார்ந்து ஓர் இராத்திரி முழுவதும் அழுவதற்கு ஒரு சாக்கு வேண்டுமானால் கூத்தைவிட நல்ல சாக்குக் கிடையாது. தவிர, கூத்தாடுகின்ற தோழருக்குக் கொடுக்கின்ற கூலி, விடிய விடிய ஆடி உழைத்தவன் வாங்குகின்ற கூலி. மந்திரம் சொல்லி வாங்குகின்ற தட்சணையோடு அதைச் சேர்த்து எண்ணுவது தப்பு. ஆகவே கூத்து நடக்கட்டும். கர்ணன் சாகட்டும். நாமும் வந்து அழுகின்றோம்.

நாம் ஆட்சேபிப்பது வேறொன்றை. நமது கிராமங்களில் ஒருவர் இறந்தவுடன், கண்களையாவது கொடுக்கலாமே என்று யாராவது வாயைத் திறந்தால், கண்ணை எடுத்துவிட்டால் அடுத்த ஜன்மத்தில் குருடனாய்ப் பிறப்பார், மோட்சத்துக்கு வழி தெரியாது என்று சொல்லி அவர் வாயை அடைத்துவிடுகின்றார்கள். மேலுலகக் கதை வெறும் கதையாயிருக்கும் வரையில் அதன் முடிவு இப்படியிருந்தாலென்ன, அப்படியிருந்தாலென்ன என்று விட்டுவிடலாம். இங்கே அது உயிரோடிருக்கும் இரண்டு பேருடைய கண்ணை எடுத்துச் சிதையில் வைத்துவிடுகின்றது. இதைச் சொல்லுகின்றவர்கள், கர்ணன் கூடப் பிறந்த கவசத்தையும் குண்டலத்தையும் தன் சரீரத்திலிருந்து அறுத்து இந்திரனுக்குக் கொடுத்ததைக் கேட்டுக் கையெடுத்துக் கும்பிடுகின்றவர்கள்தான். அறுத்துக் கொடுத்த கர்ணன் அங்கமில்லாமல் மோட்சம் போனான் என்று எந்தப் புராணிகராவது சொன்னதுண்டா?

சென்னை எழும்பூர்க் கண்ணாஸ்பத்திரி 1819-ல் ஏற்பட்டது. இந்தியாவிலேயே முதல் கண் வங்கியை 1945-ல் டாக்டர் முத்தையா அங்கேதான் ஆரம்பித்தார். 1948-ல் செத்தவருடைய கருவிழியை உயிருள்ளவருக்கு வைத்துத் தைத்துப் பார்வை வரச் செய்தவரும் அவரே. முக்கால் நூற்றாண்டுக்கு மேலாயிற்று. முட்டுக்காட்டிலிருந்து எழும்பூர் ஒரு மணி நேரப் பிரயாணம். நீங்கள் போகவும் வேண்டியதில்லை, செய்தி சொன்னால் அவர்களே வீடு தேடி வருவார்கள். கண் எடுக்கச் செத்ததிலிருந்து ஆறு மணி நேரம்தான் கெடு. கூத்துக்குப் பதினாறு நாள் அவகாசம் இருக்கின்றது. கண்ணாடி போட்டவர், புரை ஆபரேஷன் செய்துகொண்டவர், கிழவர், கிழவி எல்லோருடைய கண்ணும் உதவும். அவர்கள் வந்து சேரும் வரையில் இமையை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, தலைக்கு ஒரு தலையணை கொடுத்து, மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். எடுப்பதற்கு அரை மணிக்கு மேல் ஆகாது, முகமும் விகாரப்படாது.